ஆடிக் காற்றும் ஆன்டெனாக் குழாயும்

அந்தக் காலத்து டிவிக்கு முதுகு இருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பின்பக்கம் சினையாட்டு வயிறு மாதிரி புடைத்திருக்கும். அரை மணி ஓடினால் தொட முடியாது, சுடும். முன்னால் இரண்டு மரக் கதவு, இழுத்தால் கடகடவென்று ஓடி ஒளியும். கண்ணுக்குக் கெடுதல் என்று கண்ணாடி மேல் ஊதா நிறத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்கும். இப்போது காலண்டர் மாதிரி சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அதன் முன்னால் என்னால் ஓர் இடமாக உட்கார முடிவதில்லை. எங்காவது மலை சரிந்தது என்று செய்தி வந்தால் எழுந்துவிடுவேன். அடுப்படிக்குப் போவேன், வாசலுக்குப் போவேன், திரும்ப வந்து நிற்பேன்.

"என்னத்தே, ஒரு எடத்துல உக்காருங்களேன். முள்ளா குத்துது?" என்பாள் மருமகள்.

முள்தான். ஆனால் அதை வாயால் சொன்னதில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கும். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமி. எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்தாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, ஏழு ஆட்டை என் கையில் கொடுத்திருந்தார்கள். கண்மாய்க்கு ஓட்டிப்போவேன். கண்மாய் என்பது பேருக்குத்தான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேல முள் நின்றது. அதன் மஞ்சள் நெற்று இனிக்கும், ஆடுகள் அதற்கு அடித்துக்கொள்ளும். தின்ற ஆடு போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும்.

ஆடு விதைத்தது போதாதென்று எங்கள் அய்யாவும் விதைத்தார். கூடை நிறைய நெற்று பொறுக்கி, எங்கள் புன்செய் வரப்பு நெடுகத் தூவினார். செலவில்லாத வேலி என்று ஊரே மெச்சியது. மற்றவர்களும் வந்து விதை கேட்டு வாங்கிப்போனார்கள். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேணுங்கிற மட்டும் அள்ளிக்கங்கப்பா" என்றது காதில் இருக்கிறது. நான் கல்யாணமாகிப் போவதற்குள் வேலி நிலத்துக்குள் நடந்து வந்துவிட்டது. இப்போது ஜேசிபி வந்து பிடுங்கிப் போடுகிறது, அடுத்த மழைக்கு அது திரும்ப முளைக்கிறது.

அந்த முள்ளால் செழித்தவர் ஊரில் ஒருவர்தான். எனக்குத் தாய்மாமன் முறை. கரி மாமா என்போம். வெட்டிய முள்கட்டைகளைக் குவித்து, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பை விட்டுவிடுவார். மூட்டம் என்று பெயர். ஒரு வாரம் புகைந்து புகைந்து உள்ளே கட்டை கரியாகும். சேலையில், தலையில், கஞ்சியில் எல்லாம் அந்தப் புகை வாசம் இருக்கும். கரி லாரி ஏறி மதுரைக்குப் போகும். ஒரு தடவை மதுரையிலிருந்து லாரி திரும்பியபோது, வைக்கோல் மெத்தையில் டிவி வந்து இறங்கியது.

நமக்கென்று இந்தப் பக்கம் டவர் எதுவும் வராத காலம் அது. மெட்ராஸ் படம் மெட்ராஸோடு சரி. எங்களுக்கு எட்டியது கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம், இலங்கைப் படம். அதற்கும் வீட்டு உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, தென்கிழக்கே திருப்ப வேண்டும். காற்றுக்கு மனசு வந்தால் முகம் தெரியும். இல்லாவிட்டால் கொசு பறக்கும். கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அதைத்தான் கொசு என்போம்.

ஆனி, ஆடிக் காற்றுக்குக் குழாய் சொன்ன பேச்சுக் கேட்காது, தானாகச் சுழலும். அதனால் சன்னலுக்கு வெளியே, கைக்கு எட்டுகிற உயரத்தில், பழைய சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றைக் குழாயில் வைத்து வெல்டிங் செய்திருந்தார் மாமா. படம் முடிகிறவரை ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பையன்களை விட்டால் ஆளுக்கொரு பக்கம் திருப்பிச் சண்டை வந்தது.

"இந்தா, இந்த ஊமைச்சியை நிறுத்துங்க. நிறுத்துன எடத்துல நிப்பா" என்றார் மாமா.

எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. உள்ளே அத்தனை பேர் நடுவில் உட்கார வேண்டாம். சன்னல் கம்பி வழியாக முக்கால் படம் தெரியும். சன்னலுக்கு நேர் கீழே, உள்பக்கம், கண்டியத்தை உட்கார்ந்திருப்பாள்.

கண்டியத்தை எங்கள் அய்யாவுக்குத் தங்கை முறை. அவளுடைய தாத்தா பஞ்சத்தில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அத்தை பிறந்தது, கொழுந்து கிள்ளியது, பிள்ளை பெற்றது எல்லாம் அங்கேதான். இரண்டு சர்க்காரும் பேசி ஆளைப் பங்கு போட்டதில், ஐம்பதை நெருங்குகிற வயதில், 'உன் நாடு அது' என்று அனுப்பிவிட்டார்கள். பார்த்தே இராத எங்கள் ஊருக்குப் புருஷனோடு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த வருடமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் அங்கேயே நின்றுவிட்டாள். அவளைக் கட்டியவனுக்கு அந்த நாட்டுக் காகிதம் கிடைத்திருந்தது.

இங்கே வந்து கரி மாமாவின் மூட்டத்துக்கு முள் வெட்டினாள். பால் ஊற்றாத தேத்தண்ணி குடிப்பாள், உள்ளங்கையில் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு. பெண்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

டிவி வந்த முதல் வாரம் வெறும் படத்தை மட்டும் பார்த்தோம். பேச்செல்லாம் பெரும்பாலும் சிங்களம். பிறகு மாமாவுக்குத்தான் யோசனை உதித்தது.

"ஏப்பா, நம்மகிட்டத்தான் ஒரு கண்டிக்காரி இருக்காள்ல! கூப்பிடுங்க அவளை."

அன்றிலிருந்து அவளுக்கு முன்வரிசையில் ஒரு கோரைப்பாய். பகலெல்லாம் முள் வெட்டுகிறவள் பொழுது அடைந்தால் துபாஷி.

ஒரு நாள் கோட்டுப் போட்ட ஆள் ஒருவர் வெகுநேரம் பேசினார்.

"என்ன தாயி சொல்றான் இவன்?"

"பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாம். பொலம்புறாரு."

"கோட்டு மாட்டிக்கிட்டா பொலம்புறான்?"

"அங்க குளுரும்ல."

மறுநாள் அதே ஆள் ஒரு பசுவின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். மாமா விடவில்லை.

"இது யாரு தாயி, அவன் பொண்டாட்டியா?"

"இல்லண்ணே, சீதனமா வந்த மாடு. அதைக் குடுத்துட்டுத்தான் பொண்டாட்டியக் கூப்பிடப் போறாரு."

கூட்டம் உருண்டது. நான் வெளியே ஹேண்டில்பாரில் முகத்தை மறைத்துச் சிரித்தேன். படம் ஆடியது, "ஏய், ஒழுங்காப் பிடி!" என்று திட்டு விழுந்தது.

கண்மாய்க்குள் ஒரு நாள் அவளே சொன்னாள். "எனக்குக் கடைச் சிங்களந்தான் புள்ள தெரியும். அரிசி, பருப்பு, எம்புட்டு, கொறைச்சுக் குடு. அம்புட்டுத்தான். பொட்டியில பேசறது படிச்ச சிங்களம். பத்துக்கு ஒண்ணு புரியும். தெரியலன்னு சொன்னா நாளைக்குப் பாய் போட மாட்டாங்கள்ல?"

"பாய்க்காகவாத்தை?"

"என்னிக்காச்சும் எங்க மலையக் காட்டுவான் புள்ள. பின்னால உக்காந்தா எனக்குக் கண்ணு தெரியாது."

ஊரில் அவளைப் பொட்டிப் பைத்தியம் என்றார்கள். எங்கள் அம்மாவே சொல்லியிருக்கிறாள், "புருசன் செத்து வருசம் ஆகல, முன்வரிசையில போயி உக்காந்துக்கிறா பாரு." அம்மாவிடம் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் எப்போது எதைச் சொன்னேன்?

அவளுக்குக் கடிதம் எழுதுகிற வேலையும் எனக்குத்தான். அந்த ஆனி மாதம், ஆட்டுக்கு நடுவில் உட்கார்ந்து ஒன்று எழுதினோம். சௌக்கியம் விசாரித்த பிறகு சொன்னாள்:

"இங்க சாயங்காலமானா உங்க ஊர்ப் படம் பாக்குறேன்னு எழுது. கரிக்காரர் வீட்டுல பொட்டி இருக்கு. அங்கத்திய மனுச மூஞ்சியெல்லாம் பளிச்சுனு தெரியுதுன்னு எழுது."

எழுதினேன். பளிச்சென்று என்ற சொல்லுக்கு மட்டும் அவளைப் பார்த்தேன். "எழுது, எழுது" என்றாள்.

அவள் கையில் அன்றைக்கு முள் ஏறி வீங்கியிருந்தது. சீமைக்கருவேல முள் தைத்தால் லேசில் ஆறாது. முந்தானை நுனியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

"இந்த முள்ளை யாரு புள்ள கொண்டாந்தது?"

"எங்கய்யா."

சிரித்தாள். "உங்கய்யாவுக்கு முன்னால?"

"வெள்ளைக்காரன் காலத்துல வந்துச்சாம். விறகுக்காக. வாத்தியார் சொன்னாரு."

அவள் அரிவாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "எங்க மலையெல்லாம் பெருங்காடாம். தாத்தா சொல்லும். உள்ள போனா பகல்லயே இருட்டாம். தொரை வெட்டச் சொன்னான், தாத்தா வெட்டுச்சு. நெருப்பு வெக்கச் சொன்னான், வெச்சுச்சு. மொதல்ல கோப்பி நட்டாங்க, அது நோவு வந்து செத்துச்சு. அப்புறந்தான் தேயிலை. அங்க மரத்தை வெட்டிட்டுச் செடிய வெச்சான். இங்க முள்ள வெச்சான். ரெண்டு எடத்துலயும் அருவா நம்ம கையில."

"மரம் போனா என்னத்தை? அதான் தேயிலை இருக்குல்ல?"

"தேயிலைக்கு ஏது புள்ள அம்புட்டு வேரு? பெருமழை பேஞ்சா மலையைப் பிடிச்சுக்க ஆளில்லாமப் போகும். அப்படியே எறங்கும். எங்களுக்கு மேல ஒரு லயம், கீழ ஒரு லயம்." லயம் என்றால் வரிசையாகக் கட்டின தோட்டத்து வீடுகள். "மழை கூடுனா கீழ் லயத்துச் சனமெல்லாம் பானை சட்டியத் தூக்கிட்டு மேல் லயத்துக்கு வந்துருவோம். எம்மக கீழ் லயம். அவ தூங்குனா எழும்ப மாட்டா. நாந்தான் தட்டி எழுப்பணும்."

அந்த வருடம் ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. புழுதிக் காற்று. மூட்டத்துப் புகை மேலே எழும்ப முடியாமல் தரையோடு தவழ்ந்து ஊருக்குள் வந்தது. கண் எரிந்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றையும் அதில் முட்டுக் கொடுத்து நின்றேன். அன்றைக்குப் பார்த்துப் படம் அதிசயமாகத் தெளிந்து வந்தது. உள்ளே ஒரே மெச்சல். "ஊமைச்சி இன்னிக்குப் பலமாத்தான் பிடிச்சிருக்கா."

செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மலை வந்தது. மலையின் ஒரு பக்கம் தோலுரித்தது போல் இருந்தது. அந்த மண் என்ன நிறமோ, எங்கள் பெட்டியில் கரி நிறம். ஆண்கள் மண்வெட்டியோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்குப் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். மண்ணுக்குள்ளிருந்து தகரக் கூரை ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்ன தாயி வெட்டுறாங்க?"

கண்டியத்தை முழங்காலில் எழும்பினாள். அவள் பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ரோடு," என்றாள். "புதுசா ரோடு போடுறாங்க."

"நல்லாப் போடட்டும். நம்மூருக்குத்தான் ஒண்ணும் வரல" என்றார் மாமா.

அப்போது படத்தில் ஒரு பலகை வந்தது. தோட்டத்துப் பெயர்ப்பலகை. ஒரு கால் முறிந்து சேற்றில் சாய்ந்து கிடந்தது. மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள், நடுவில் தமிழ். நான் படித்துவிட்டேன். அந்தப் பெயரை உறை மேல் எத்தனையோ தடவை என் கையால் எழுதியிருக்கிறேன்.

கண்டியத்தை பாயிலிருந்து எழுந்து சன்னல் பக்கம் திரும்பினாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள, அது என்ன எழுத்து? படிச்சுச் சொல்லு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கரி மாமா, அவர் வீட்டு அத்தை, எங்கள் அய்யா, பையன்கள். அத்தனை கண். என் வாய்க்குள் அந்தப் பெயர் நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. சொல்லாமல் நிற்கவும் முடியவில்லை.

கையை விட்டேன்.

காற்று அதற்காகவே காத்திருந்தது போலக் குழாயைச் சுழற்றியது. மலை போயிற்று, பலகை போயிற்று. பெட்டி முழுக்கக் கொசு.

"அடியே! பிடிடி! கழுத, என்ன வேலை பண்ணிட்டா பாரு!" பையன்கள் ஓடிவந்தார்கள், என்னைத் தள்ளிவிட்டுத் திருகினார்கள். படம் திரும்ப வந்தபோது யாரோ இரண்டு பேர் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கண்டியத்தை இன்னும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கண்மாய்க்கு வந்தாள். கையில் கடிதத் தாளும் உறையும். ஆடுகள்கூட இன்னும் மேயத் தொடங்கவில்லை.

"எழுது புள்ள. சொகமான்னு மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

எழுதினேன். உறையைத் திருப்பி முகவரி எழுதினேன். தோட்டத்துப் பெயரை எழுதும்போது அவள் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக நான் போடுவதைப் பார்த்தாள். பிறகு விரலை வைத்தாள்.

"இதே உருவந்தான்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாது புள்ள. ஆனா இந்த ஒரு பேரு எப்படி இருக்கும்னு தெரியும். முப்பது வருசத்துக்கு மேல அது கீழதான, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னேன். பலகையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் அத்தை என்னையப் படிக்கச் சொன்னீங்க?"

"வேற பேரைச் சொல்ல மாட்டியான்னுதான்."

எதற்கும் அழாதவள் அப்போதும் அழவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த ஒரு கருவேல இலையை எடுத்துப் போட்டாள்.

"விட்டுட்டியே புள்ள. இன்னும் ஒரு நொடி பிடிச்சிருந்தா, சரிஞ்சது மேல் லயமா கீழ் லயமான்னு பாத்திருப்பேன்."

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவள் பாயில் வந்து உட்காருவதை நிறுத்தவில்லை. மலை திரும்ப வரவே இல்லை. துபாஷி வேலையும் செய்தாள், முன்னைவிட அதிகமாகவே கதை கட்டினாள், கூட்டமும் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஹேண்டில்பாரை விரல் மரத்துப்போகும்படி பிடித்தேன். உள்ளங்கையில் காய்ப்பு ஏறியது. கண்மாய்க்குப் போனாலும் இருப்புக் கொள்ளாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஆட்டை விட்டுவிட்டு ஓடுவேன், அவர் எங்கள் தெருவைத் தாண்டிப் போவதைப் பார்த்துத் திரும்புவேன்.

புரட்டாசி கடைசியில் பதில் வந்தது. மூட்டத்துக்குப் பக்கத்தில், உச்சிப்பொழுது. மண் பூசிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, உறையை அவளே கிழித்து என்னிடம் நீட்டினாள். மகள் கையெழுத்துத்தான். முதல் வரியைப் பார்த்ததும் நான் கத்திவிட்டேன், என் வாழ்க்கையில் கத்தியது அது ஒன்றுதான்.

"நல்லா இருக்காங்கத்தை!"

கண்டியத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

படித்தேன். கீழ் லயம் முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் தட்டி எழுப்பியதால் இவர்கள் தப்பினார்கள். கிழவி தன் கோழியை எடுக்கத் திரும்பப் போனவள் வரவில்லை. இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறார்கள். இனி அந்த முகவரிக்குத்தான் எழுத வேண்டும். படித்து, தாளை மடித்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"கீழ இன்னும் நாலு வரி கறுப்பா இருக்கே."

விரித்தேன். படித்தேன்.

'மறுநாள் படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள் அம்மா. நீங்கள் சாயங்காலம் பெட்டியில் பார்ப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதனால் தோட்டத்துப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உங்களுக்குப் பயம் வரக்கூடாது என்று அழாமல் நின்றேன். பார்த்தீர்களா?'

மூட்டத்தில் எங்கோ மண் வெடித்துப் புகை பீறிட்டது. அவள் எழுந்துபோய், ஒரு பிடி சேற்றை அள்ளி அந்த ஓட்டையை அடைத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து கேட்டாள்:

"என்ன சேலை கட்டியிருந்தான்னு எழுதியிருக்காளா?"

எழுதவில்லை. அதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

"பச்சைச் சேலைன்னு எழுதியிருக்காங்கத்தை," என்றேன்.

"பச்சையா? அவளுக்குப் பச்சை ஆகாதே."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மடியிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாத்தேன்னு எழுது. பளிச்சுனு தெரிஞ்சுச்சுன்னு எழுது."

எழுதினேன்.

"சேலைய எழுதாத புள்ள. நம்மது கறுப்பு வெள்ளைப் பொட்டி."